“நம் பார்வையாளர்கள் நல்லவர்கள், அதை நம்புகிறார்கள்”: ஃபாக்ஸ் – டொமினியன் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

2020 நவம்பர் 3 இரவு. அமெரிக்க அதிபர் தேர்தலின் வாக்குகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. கிழக்கு அமெரிக்க நேரப்படி 11.20 மணிக்கு, அரிசோனா மாநிலத்தில் ஜோ பைடன் வெல்கிறார் என்று ஃபாக்ஸ் நியூஸ் அறிவித்தது. வேறு எந்தத் தொலைக்காட்சியும் அதுவரை அப்படிச் சொல்லவில்லை. கணிப்பு சரிதான். எண்ணி முடித்தபோது பைடன் 10,457 வாக்கு வித்தியாசத்தில் அங்கே வென்றிருந்தார்.

அந்தச் சரியான செய்திக்காக ஃபாக்ஸைப் பார்வையாளர்கள் மன்னிக்கவில்லை. அரிசோனாவின் வாக்கு எண்ணும் மையத்துக்கு வெளியே கூடியிருந்த டிரம்ப் ஆதரவாளர்கள், பல ஆண்டுகளாகத் தாங்கள் விரும்பிப் பார்த்துவந்த சேனலுக்கு எதிராகவே கோஷம் போட்டார்கள். அடுத்த சில வாரங்களில் நியூஸ்மேக்ஸ் என்ற சிறிய போட்டி சேனலின் பார்வையாளர் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. இன்னொரு பக்கம், தேர்தல் திருடப்பட்டது என்ற கதையை ஃபாக்ஸின் சில நிகழ்ச்சிகள் விடாமல் பேசின. அதற்கு விலையாக, இரண்டரை ஆண்டுகள் கழித்து, டொமினியன் என்ற வாக்கு எந்திர நிறுவனம் தொடுத்த அவதூறு வழக்கில் ஃபாக்ஸ் 78.75 கோடி டாலர் கொடுத்தது.

பரபரப்பு ஊடகம் மக்களை ஏமாற்றுகிறது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் ஏமாற்றுகிறவர் அந்த நேரத்தில் உள்ளுக்குள் என்ன நினைத்தார், எதற்குப் பயந்தார் என்பது வெளியே தெரிவதே இல்லை. இந்த வழக்கில் தெரிந்தது. ஊழியர்களின் கைப்பேசிக் குறுஞ்செய்திகள், மின்னஞ்சல்கள், முதலாளியின் சாட்சியம் என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள் நீதிமன்றத்தில் வெளிவந்தன. அந்தப் பக்கங்களை மையமாக வைத்தே இந்த ஆய்வை எழுதுகிறேன்.

என்ன சொன்னார்கள்

டொமினியன் என்பது வாக்குப்பதிவு எந்திரங்களும் எண்ணும் கருவிகளும் செய்யும் நிறுவனம். கனடாவில் தொடங்கப்பட்டு, பிறகு அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து இயங்கியது. 2020 தேர்தலில் 28 மாநிலங்களில் அதன் கருவிகள் இருந்தன. தேர்தல் அலுவலர்களைத் தவிர அந்தப் பெயர் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

நவம்பர் 7 அன்று பைடன் வென்றதாக ஊடகங்கள் அறிவித்தன. மறுநாள் ஞாயிறு காலை, மரியா பார்ட்டிரோமோவின் ஃபாக்ஸ் நிகழ்ச்சியில் சிட்னி பவல் என்ற வழக்கறிஞர் தோன்றினார். டொமினியனின் மென்பொருள் டிரம்பின் வாக்குகளை பைடனுக்கு மாற்றிப் போட்டது என்றார். நாளாக ஆக அந்தக் கதைக்குக் கிளைகள் முளைத்தன. அந்த நிறுவனம் வெனிசுவேலாவின் மறைந்த அதிபர் ஹூகோ சாவேஸுக்காக உருவாக்கப்பட்டது என்றும், அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்து எந்திரங்களை விற்றது என்றும் சொன்னார்கள்.

ஞாயிறு நிகழ்ச்சிக்கு முன்பே, இந்தக் குற்றச்சாட்டுகள் அடங்கிய ஒரு மின்னஞ்சலை பவல் பார்ட்டிரோமோவுக்கு அனுப்பியிருந்தார். அதை எழுதியவர் தேர்தல் துறையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பெண்மணி. காற்று தன்னிடம் பேசுகிறது, நீ ஒரு ஆவி என்று சொல்கிறது என்றெல்லாம் அதே மின்னஞ்சலில் எழுதியிருந்தார். தான் சொல்வது கிறுக்குத்தனமாக இருக்கிறது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டிருந்தார். அவர் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதைப் படித்த பிறகும் பவலை ஸ்டுடியோவில் பேசவிட்டு, கோடிக்கணக்கான வீடுகளுக்கு அந்தக் குற்றச்சாட்டைக் கொண்டுபோனது ஒரு செய்தி நிறுவனம். என் கோபம் அங்கேதான்.

ஃபாக்ஸுக்குள்ளேயே தகவல் சரிபார்க்கும் ஒரு பிரிவு இருந்தது. நவம்பர் 13 அன்றே அது டொமினியன் பற்றிய குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து, ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. தேர்தல் பாதுகாப்பைக் கவனித்த அரசு அமைப்புகள் அதற்கு முந்தைய நாளே, இது அமெரிக்க வரலாற்றில் மிகப் பாதுகாப்பான தேர்தல் என்று கூட்டறிக்கை வெளியிட்டிருந்தன. ஜார்ஜியா மாநிலம் ஏறத்தாழ 50 லட்சம் வாக்குச் சீட்டுகளைக் கையால் எண்ணிப் பார்த்தது. எந்திரம் வாக்கை மாற்றியிருந்தால் தாளில் பிடிபட்டிருக்கும். பைடனின் வெற்றி அப்படியே நின்றது. டொமினியனும் ஃபாக்ஸின் ஊழியர்களுக்கு உண்மை நிலவரத்தைச் சொல்லி 3,600க்கும் மேற்பட்ட தகவல்களை அனுப்பியது.

ஆக, உண்மை கிடைக்காத இடத்தில் பொய் வளர்ந்தது என்று இங்கே சொல்லவே முடியாது. உண்மை அவர்கள் மேசையிலேயே கிடந்தது.

உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள்

டக்கர் கார்ல்சன் அப்போது ஃபாக்ஸின் இரவு நேர நட்சத்திரம். நவம்பர் 18 அன்று சக தொகுப்பாளர் லாரா இங்க்ரஹாமுக்கு அவர் அனுப்பிய குறுஞ்செய்தியில், சிட்னி பவல் பொய் சொல்கிறார், நான் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எழுதினார். அவள் முழுப் பைத்தியம் என்றார் இங்க்ரஹாம். அந்த உரையாடலில் கார்ல்சன் எழுதிய இன்னொரு வரிதான் இந்த வழக்கு முழுவதிலும் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது: நம் பார்வையாளர்கள் நல்லவர்கள், அதை நம்புகிறார்கள்.

அதில் ஏளனம் இல்லை. பார்வையாளர்கள் மீது ஏதோ ஒரு பரிவுகூடத் தெரிகிறது. நல்லவர்கள் ஒரு பொய்யை நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிகிறது. அது பொய் என்று சொல்லும் இடத்திலும் அவரே இருக்கிறார். மறுநாள் ஒளிபரப்பில் அவர் பவலிடம் ஆதாரம் கேட்டதாகவும், அவர் தரவில்லை என்றும் சொன்னார். கேட்டது அவ்வளவுதான். அதற்கே பார்வையாளர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. பொய் என்று தனக்குத் தெரிந்ததை, பொய் என்று அவர் மக்களிடம் நேராகச் சொல்லவில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்பு இன்னொன்று நடந்தது. டொமினியனைப் பற்றி டிரம்ப் போட்ட பதிவுக்கு ஃபாக்ஸின் செய்தியாளர் ஒருவர், வாக்குகள் அழிக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று தேர்தல் அதிகாரிகள் சொன்னதைச் சுட்டிக்காட்டிப் பதில் எழுதினார். செய்தியாளரின் வேலையே அதுதான். அதைப் பார்த்த கார்ல்சன், அவரை வேலையைவிட்டு நீக்க வேண்டும், இது நிறுவனத்தைக் கண்கூடாகப் பாதிக்கிறது, பங்கு விலை இறங்குகிறது என்று சக தொகுப்பாளர் ஷான் ஹானிட்டிக்கு எழுதினார். மறுநாள் காலையில் அந்தப் பதிவு காணாமல் போயிருந்தது.

நவம்பர் 19 அன்று டிரம்பின் வழக்கறிஞர்களாகப் பவலும் ரூடி ஜூலியானியும் செய்தியாளர்களைச் சந்தித்துக் குற்றச்சாட்டுகளை அடுக்கினார்கள். அவை உண்மையோடு பொருந்தவில்லை என்று ஃபாக்ஸின் வெள்ளை மாளிகைச் செய்தியாளர் நேரலையில் சொன்னார். பார்வையாளர்களுக்கு மரியாதை கொடுப்பதில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று அவருடைய மேலதிகாரி பிறகு அவரிடம் சொன்னாராம்.

மரியாதை என்ற சொல்லை அங்கே எதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள் பாருங்கள். பார்வையாளருக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்வது அவமரியாதை, அவர் கேட்க விரும்புவதைக் கேட்கவிடுவது மரியாதை. பரபரப்பு ஊடகத்தின் முழு வியாபாரமும் இந்த ஒரு தலைகீழ் அர்த்தத்தில் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு இரவும், உங்களுக்கு எதிராக யாரோ சதி செய்கிறார்கள், நாங்கள் மட்டும்தான் உங்கள் பக்கம் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிப் பழக்கிய பிறகு, ஒரு நாள் திடீரென்று, இந்த முறை சதி எதுவும் இல்லை, நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று சொன்னால் அது துரோகமாகத்தான் படும். தான் வளர்த்த கோபத்தைப் பார்த்துத் தானே பயந்த நிறுவனமாக ஃபாக்ஸை நான் பார்க்கிறேன்.

முதலாளி ரூபர்ட் முர்டாக் 2023 ஜனவரியில் சாட்சியம் அளித்தார். தன் தொகுப்பாளர்கள் சிலர் அந்தப் பொய்க் கதைக்கு ஆதரவாகப் பேசினார்கள் என்று ஒப்புக்கொண்டார். ஜூலியானியை நிகழ்ச்சிகளுக்கு அழைக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருக்க முடியுமா என்று கேட்டபோது, முடிந்திருக்கும், ஆனால் சொல்லவில்லை என்றார்.

அரிசோனாக் கணிப்பை எடுத்த குழுவில் இருந்த கிறிஸ் ஸ்டைர்வால்ட் 2021 ஜனவரியில் வேலையை இழந்தார். நிர்வாக மறுசீரமைப்பு என்று நிறுவனம் காரணம் சொன்னது. சரியாகக் கணித்தவர் வெளியே போனார். கதையைப் பரப்பிய தொகுப்பாளர்களில் பெரும்பாலோர் அப்போது அதே இருக்கையில்தான் இருந்தார்கள்.

நீதிமன்றத்தில்

2021 மார்ச்சில் டெலவேர் மாநில நீதிமன்றத்தில் டொமினியன் 160 கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குத் தொடுத்தது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட வழக்கில் ஊடகத்தை வெல்வது மிகக் கடினம். 1964இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி, சொன்னது தவறு என்று நிரூபித்தால் போதாது. பொய் என்று தெரிந்தே சொன்னார்கள், அல்லது பொய்யாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தும் அதைக் கண்டுகொள்ளாமல் சொன்னார்கள் என்று காட்ட வேண்டும். பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அந்த விதி மிகவும் தேவை. அதனால்தான் இந்த வழக்கில் உள்பேச்சுகள் அவ்வளவு முக்கியமாயின.

ஃபாக்ஸின் வாதத்தையும் சொல்லியாக வேண்டும். அதிபரின் வழக்கறிஞர்களே ஒரு குற்றச்சாட்டை வைக்கும்போது அது செய்தி, அதை ஒளிபரப்புவது எங்கள் கடமை என்றார்கள். மேலோட்டமாகக் கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஒருவர் இப்படிக் குற்றம் சாட்டுகிறார், அதற்கு ஆதாரம் எதுவும் காட்டவில்லை என்று சொல்வது ஒன்று. அவரை எதிரே உட்காரவைத்துத் தலையாட்டி, அடுத்த நாளும் அழைப்பது வேறு. 2023 மார்ச் 31 அன்று நீதிபதி எரிக் டேவிஸ் அந்த வாதத்தை ஏற்கவில்லை. டொமினியனைப் பற்றி ஒளிபரப்பான கூற்றுகளில் ஒன்றுகூட உண்மை இல்லை என்பது பளிங்குபோலத் தெளிவு என்று எழுதினார். தெரிந்தே செய்தார்களா என்ற கேள்வியை மட்டும் ஜூரிகளுக்கு விட்டார்.

ஜூரிகள் அதற்குப் பதில் சொல்லும் வாய்ப்பே வரவில்லை. ஏப்ரல் 18 அன்று ஜூரிகள் பதவியேற்று, விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில் இரு தரப்பும் 78.75 கோடி டாலருக்கு உடன்பட்டன. டொமினியனைப் பற்றிய சில கூற்றுகள் பொய் என்ற நீதிமன்றத்தின் முடிவை ஏற்கிறோம் என்று ஃபாக்ஸ் ஓர் அறிக்கை விட்டது. தன் பார்வையாளர்களிடம் ஒளிபரப்பில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உடன்பாட்டில் எதுவும் இல்லை.

எனக்கு இதுதான் பெரிய குறை. டொமினியனுக்குப் பணம் கிடைத்தது. ஏமாந்தவர்கள் பார்வையாளர்கள். பொய்யைக் கேட்ட அதே நேரத்தில், அதே இருக்கையில் இருந்தவர் வாயால், அது பொய் என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டாமா?

நம்பிக்கைக்கு என்ன ஆனது

இந்த வழக்கில் இருந்த விவரங்கள் எல்லாம் பொதுவெளியில் இருக்கின்றன. டிரம்ப் தரப்பு தொடுத்த 60க்கும் மேற்பட்ட தேர்தல் வழக்குகள் தோற்றன. அரிசோனாவில் டிரம்பின் குடியரசுக் கட்சியினரே 2021இல் ஏற்பாடு செய்த மறு ஆய்வில் பைடனுக்கு 99 வாக்குகள் கூடின, டிரம்புக்கு 261 குறைந்தன. இவ்வளவுக்குப் பிறகும், பைடனின் வெற்றி நேர்மையானது இல்லை என்று ஆண்டுக்கணக்காகக் கருத்துக் கணிப்புகளில் அமெரிக்கர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சொல்லிவந்தார். குடியரசுக் கட்சியினரில் அது பெரும்பான்மை.

ஏன் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கதையைத் தொடங்கியதும் ஊதியதும் டிரம்பும் அவருடைய வழக்கறிஞர்களும். தொலைக்காட்சி மட்டும் இதைச் செய்துவிடவில்லை. தோற்ற பக்கத்துக்கு எப்போதும் சந்தேகம் வரும் என்பதும் உண்மை. ஆனால் தொலைக்காட்சி செய்த வேலை தனி. ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மை என்ற எண்ணம் கூடுகிறது என்பதை 1977இலேயே உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். டொமினியன் என்ற பெயரையே கேட்டிராத ஒருவர், சில வாரங்களுக்கு ஒவ்வொரு மாலையும் அந்தப் பெயரோடு மோசடி என்ற சொல்லையும் சேர்த்தே கேட்கிறார். கேள்விதானே கேட்கிறோம் என்று தொகுப்பாளர் சொன்னாலும், மனதில் அந்த இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டுவிடுகின்றன.

இன்னொன்று, எதைக் காட்டாமல் விடுகிறார்கள் என்பது. டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் இதே தேர்தலுக்கு முன், 2020 செப்டம்பரில் ஓர் அருமையான சோதனை செய்தார்கள். வழக்கமாக ஃபாக்ஸ் பார்ப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மணிக்கு 15 டாலர் கொடுத்து, வாரத்துக்கு 7 மணி நேரம் வரை சிஎன்என் பார்க்கச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் அவர்களிடம் மாற்றம் தெரிந்தது. ஃபாக்ஸ் காட்டாத செய்திகள் அவர்களுக்குத் தெரியவந்தன. சில கருத்துகள் அசைந்தன. டிரம்ப் ஏதாவது தவறு செய்தால் ஃபாக்ஸ் அதைச் சொல்லாது என்று ஒப்புக்கொள்பவர்களும் கூடினார்கள். தீவிர ஆதரவாளர்கள் எதையும் கேட்க மாட்டார்கள் என்ற பொதுவான நினைப்பு அங்கே கொஞ்சம் உடைந்தது. அப்புறம் பணம் நின்றது, அவர்கள் பழைய சேனலுக்குத் திரும்பினார்கள், மாற்றங்களில் பெரும்பாலானவை இரண்டு மாதத்துக்குள் மறைந்துபோயின.

எனக்கு இந்தச் சோதனை ஆறுதலையும் வருத்தத்தையும் சேர்த்தே தருகிறது. கார்ல்சன் சொன்னது சரி, அவர்கள் நல்லவர்கள். புதிய தகவல் வந்தால் யோசிக்கக்கூடியவர்கள். அந்தத் தகவலைத் தொடர்ந்து தர வேண்டியவர்கள்தான் தரவில்லை.

ஊடகங்கள் மீதான பொது நம்பிக்கையையும் பார்க்க வேண்டும். கேலப் என்ற கருத்துக் கணிப்பு நிறுவனம் 1976இல் கேட்டபோது, செய்தி ஊடகங்கள் மீது போதிய நம்பிக்கை உண்டு என்று 72 சதவீத அமெரிக்கர்கள் சொன்னார்கள். 2024இல் அது 31 சதவீதம். குடியரசுக் கட்சியினரிடம் 12 சதவீதம். இந்தச் சரிவுக்கு ஒரு சேனல் காரணம் என்று சொல்ல மாட்டேன். போர்கள், பொருளாதாரம், இணையம், மற்ற ஊடகங்களின் தவறுகள் என்று எத்தனையோ இருக்கின்றன. ஆனால் யாரையும் நம்பாதவரை ஏமாற்ற முடியாது என்று பலர் நினைக்கிறார்களே, அது தவறு என்று இந்த வழக்கு காட்டுகிறது. ஃபாக்ஸின் பார்வையாளர்கள் பத்திரிகைகளை, நீதிமன்றங்களை, தேர்தல் அதிகாரிகளை நம்பவில்லை. ஆனால் பவல் சொன்னதை நம்பினார்கள். எல்லோர் மீதும் நம்பிக்கை போன பிறகு, தங்கள் கோபத்தின் குரலில் பேசுபவர் மட்டும் மிஞ்சுகிறார். அவரைச் சரிபார்க்க வேறு யாரிடமும் போக முடியாது.

அந்த பவல் மீதும் டொமினியன் வழக்குப் போட்டது. 2021 மார்ச்சில் அவருடைய வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் வைத்த வாதம் இது: விவேகமுள்ள எவரும் அவர் சொன்னவற்றை உண்மைத் தகவல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவரை நம்பி வீதிக்கு வந்தவர்கள் அதைப் படித்தார்களா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

தரையில்

கலிபோர்னியாவின் ஷாஸ்டா மாவட்டம் 2023 ஜனவரியில் டொமினியனோடு இருந்த ஒப்பந்தத்தை முறித்தது. எந்திரமே வேண்டாம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களின் சீட்டுகளைக் கையாலேயே எண்ணலாம் என்று முடிவெடுத்தது. பெரிய தேர்தல்களில் கையால் எண்ணுவது மெதுவானது, பிழைகளும் கூடும். அதே ஆண்டு மாநில அரசு சட்டம் கொண்டுவந்துதான் அதைத் தடுக்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் பேசப்பட்ட ஒரு கதை, எங்கோ ஒரு மாவட்டத்தின் தேர்தல் அலுவலகம் வரை போய்விட்டது.

ஜார்ஜியாவில் வாக்கு எண்ணும் வேலை பார்த்த ஒரு தாயும் மகளும் மோசடி செய்ததாக ஜூலியானி பழி சுமத்தினார். கொலை மிரட்டல்கள் குவிந்தன. தாய் தன் வீட்டைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் அவர்களுக்கு 14.8 கோடி டாலர் தரச் சொல்லி ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். டொமினியனின் ஊழியர்களுக்கும் மிரட்டல்கள் வந்தன, ஒருவர் தலைமறைவாக வாழ நேர்ந்தது. இந்த மனிதர்களைத் தவிர்த்துவிட்டு நம்பிக்கை, சதவீதம் என்று மட்டும் பேசினால் அது ஆய்வே ஆகாது.

பணம் கொடுத்த பிறகு ஃபாக்ஸ் நொடித்துப் போகவில்லை. கார்ல்சன் ஒரு வாரத்தில் அங்கிருந்து வெளியேறினார். அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்படும் கேபிள் செய்தி சேனலாக அது தொடர்ந்தது. நியூஸ்மேக்ஸ் 2025 ஆகஸ்டில் டொமினியனுக்கு 6.7 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

டொமினியன் ஏறத்தாழ எல்லாவற்றிலும் வென்றது. ஆனால் தேர்தல் நடத்தும் நிறுவனத்துக்கு வாக்காளர்களின் நம்பிக்கைதான் தொழிலின் மூலதனம். 2025 அக்டோபரில் அது கைமாறியது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் தேர்தல் அதிகாரி ஒருவர் அதை வாங்கினார். வாங்கியதும் அவர் முதலில் மாற்றியது பெயரை. அந்த எந்திரங்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இப்போது லிபர்ட்டி வோட் என்று பெயர்.